ஒன்பதாவது திரையில் ஓர் இடக்கை

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்று தெரிந்த நிமிடமே மித்ரி ஹல்ஸாவுக்கு இந்த வழக்கு பிடிக்காமல் போய்விட்டது.

வயது ஐம்பத்தெட்டு. போலீஸில் கள்ளக் கையெழுத்துப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்றதும் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்திருந்தார். யாரும் உட்கார விடவில்லை.

"மெதுவா ஏறுங்க, அபூ இலியாஸ்," என்று பின்னாலிருந்து தைசீரின் குரல் வந்தது. மகன் பெயரைச் சேர்த்து 'இலியாஸின் அப்பா' என்றுதான் அவன் மித்ரியைக் கூப்பிடுவான். "நீங்க உருண்டா நான் பிடிக்க மாட்டேன். எனக்கும் முதுகு சரியில்ல."

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."

தைசீர் பதினைந்து வருஷம் அம்மானில் டாக்சி ஓட்டியவன். துப்பறியும் உதவியாளனாகி ஆறு வருஷம் ஆகியும் மீட்டர் போட்ட மாதிரிதான் பேசுவான். வாய் நின்றால் வண்டியும் நின்றுவிடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

மேலே கதவருகிலேயே காத்திருந்தார் ரவ்ஹி. கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தரும் அந்த அலுவலகத்தின் முதலாளி. சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது.

"வாங்க உஸ்தாத். உங்களுக்கு வேலை ரொம்ப சுலபம். யார் பண்ணினதுன்னு எங்களுக்கே தெரியும். நீங்க விசாரிச்சதா ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"தெரிஞ்சா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் சொன்னா முதலாளி பழி போடறான்னு பேசுவாங்க. நீங்க சொன்னா விசாரணைன்னு ஒத்துப்பாங்க."

மித்ரிக்கு அலுப்பாக இருந்தது. முடிவை எழுதி வைத்துவிட்டுத் துப்பறிய அழைக்கிறவர்கள் இப்போதெல்லாம் அதிகமாகிவிட்டார்கள். மூட்டு வலிக்கு மருந்து வாங்க வேண்டியிருப்பதால் அவரும் போய்த் தொலைக்கிறார்.

விஷயம் இதுதான். கராக் ஊரைச் சேர்ந்த ஹாஜி ஸுவைலிம் குடும்பத்துக்கு ஜமீத் வியாபாரம். ஆட்டுத் தயிரைக் கல் மாதிரி உருட்டிக் காயவைத்த ஜமீத் இல்லாமல் இந்த நாட்டில் மன்ஸஃப் என்ற கறிச்சோற்று விருந்து கிடையாது. மன்ஸஃப் இல்லாமல் கல்யாணமும் கிடையாது, சாவும் கிடையாது. ஹாஜி ஆறு மாதம் முன்பு காலமானார். குவைத்தில் ஏற்றுமதியைக் கவனித்து வந்த மூத்த மகன் காசிப் திரும்பி வந்து, அப்பா நினைவாக ஒரு வெப்சைட் கேட்டார். முகப்பில் ஹாஜியின் படம், விருந்துத் தட்டின் முன்னால் சிரித்தபடி.

முந்தாநாள் திறப்பு. குடோன் அலுவலகத்துக் கணினியில், சித்தப்பாக்களையும் குலத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்து காசிப் பக்கத்தைத் திறந்தார். திரையில் ஹாஜி ஸுவைலிம் மன்ஸஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால்.

இடது கையால் தின்பவன் சைத்தான் என்று பால் குடிக்கும் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிற ஊர் அது. ஒரு சித்தப்பா எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டாராம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"செத்தவரை அவமானப்படுத்தணும்னு யாரோ படத்தைப் புரட்டிட்டாங்கன்னு சொல்றாங்க," என்றார் ரவ்ஹி. "இன்னிக்கு சாயங்காலம் அஸர் தொழுகை பாங்குக்குள்ள ஆள் பேர் வேணுமாம். இல்லைன்னா என் மொத்தக் கம்பெனியும் குத்தவாளி."

"பேர் யாரு?"

ரவ்ஹி கையைக் காட்டினார்.

ஜன்னலோரத்தில் நீளமான மேஜை. அதன் மேல் சின்னதும் பெரியதுமாக எட்டுத் திரைகள். அவற்றின் முன்னால், வேலை எதுவும் இல்லாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் வியாம். முப்பத்திரண்டு வயதிருக்கும். மூன்று வாரம் தூங்காத முகம்.

"நேத்து காலையிலயே என் பாஸ்வேர்டை மாத்திட்டார், உஸ்தாத்," என்றாள். "ஆனா வீட்டுக்குப் போகக் கூடாதாம். எதுக்கு உக்காந்திருக்கேன்னு எனக்கே தெரியல."

"வீட்ல சொல்லிட்டியாம்மா?"

"எப்படிச் சொல்றது? என் பேரைக் குடுத்துட்டா எங்கப்பா நாலு பெரியவங்களைக் கூட்டிட்டு ஹாஜி வீட்டு வாசல்ல போய் நிக்கணும், மன்னிப்புக் கேட்டு. அவர் வாழ்நாள்ல யார் வாசல்லயும் நின்னதில்ல. அதுக்கப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரு வேலை குடுப்பா?" அவள் அழவில்லை. அழுவதற்குத் தெம்பு வேண்டும்.

மித்ரி அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

"எட்டுத் திரை எதுக்கு? ஒண்ணு பத்தாதா?"

"பத்தாது உஸ்தாத். பக்கம் ஒண்ணுதான், ஆனா பாக்கிறவங்க கையில ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மூஞ்சி காட்டும். இங்க இருக்கற பசங்க போன்ல பாப்பாங்க. குவைத் மொத்த வியாபாரி பெரிய திரையில பாப்பான். ஒரு பிரவுசர்ல நேரா நிக்கறது இன்னொண்ணுல குப்புற விழும். அதான் எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவோம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றான் தைசீர். "அம்மாகிட்ட ஒரு மூஞ்சி, பொண்டாட்டிகிட்ட ஒரு மூஞ்சி. டெஸ்ட் பண்ணித்தான் உள்ள போவேன்."

வியாம் லேசாகச் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பாக இருக்கலாம்.

எட்டுத் திரையிலும் ஹாஜியின் பக்கம் திறந்திருந்தது. எட்டிலும் ஒரே படம்: பெரிய தட்டு, சிரிக்கும் கிழவர், அவருக்குப் பின்னால் ஓரத்தில் கழுத்துக்கு மேல் தெரியாமல் காபி ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவன். எட்டிலும் ஹாஜி வலது கையால்தான் சாப்பிட்டார்.

"இதுல சரியாத்தானே இருக்கு?"

"செய்யறதையும் செஞ்சுட்டு அப்புறம் மாத்திட்டா," என்று முந்திக்கொண்டார் ரவ்ஹி. "கேளுங்க உஸ்தாத், அவ எழுதினதுல ஒரு வரி இருக்கு. 'இந்தப் படத்தை இடவலமாப் புரட்டு'ன்னு. நானே கண்ணால பாத்தேன். கையும் களவுமா மாட்டியாச்சு."

"எழுதினியாம்மா?"

"எழுதினேன்." அவள் மறுக்கவில்லை. "அரபியில வலப்பக்கம் படம், இடப்பக்கம் எழுத்து. அனுப்பின படத்துல ஹாஜி வலப்பக்கம் பாத்துட்டிருந்தார். அப்படியே விட்டா எழுத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்த மாதிரி இருக்கும். முகம் எழுத்தைப் பாக்கணும்கறது எங்க தொழில்ல பாலபாடம். அடுத்த மாசம் வர்ற ஆங்கிலப் பக்கத்துக்கும் அதே படம்தான், அங்க எழுத்து வலப்பக்கம் வரும், புரட்ட வேண்டாம். அதனால படத்தைத் தொடாம, அரபிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வரி போட்டேன். மூஞ்சியைத்தான் பாத்தேன். கையைப் பாக்கல."

"இடது கையா வலது கையான்னு கூடவா தெரியல?" என்றார் ரவ்ஹி.

மித்ரி அவள் மேஜையைப் பார்த்தார். மவுஸ் இடப்பக்கம் இருந்தது. தேநீர்க் கோப்பையின் பிடியும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கைக்காரிக்கு இடக்கை கண்ணில் உறுத்தாது. இதை வெளியே சொன்னால் அதையும் குற்றத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் வேறொன்று அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு திரைக்கும் கீழே மேஜையில் ஒரு எண் ஒட்டியிருந்தது. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை. அதற்கப்புறம், காலி இடத்தில், ஒன்பது.

"ஒன்பதாவது எங்கே?"

ரவ்ஹி தொண்டையைச் செருமினார்.

"அது ஓட்டை உடைசல், உஸ்தாத். எட்டு வருஷத்துக்கு முந்தின பிரவுசர். இந்தக் காலத்துல அதை யாரு வெச்சிருக்கா? நேரம் வீணாகுதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"எப்போ?"

"போன வாரம்."

"வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் வியாம் தரையைப் பார்த்தபடி. "கிடங்கு, கவர்மென்ட் ஆபீஸ், எல்லாத்துலயும் இன்னும் அதுதான்னு எழுதியும் அனுப்பினேன்."

ஒன்பதாவது கணினியைத் தைசீர்தான் கண்டுபிடித்தான். சமையலறையில், கெட்டிலுக்கும் தேநீரில் போடும் மரமியா இலை டப்பாவுக்கும் அடியில், ஸ்டூலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கி வந்து வைத்தான். உயிர் வர நாலு நிமிஷம் ஆயிற்று.

"என் மாமியாரே இதைவிடச் சீக்கிரம் எழுந்திருவாங்க," என்றான்.

பக்கம் மெல்ல, துண்டு துண்டாக வந்தது. முதலில் பெயர். பிறகு எழுத்து. கடைசியில் படம்.

ஹாஜி ஸுவைலிம் எழுத்துக்கு முதுகைக் காட்டியபடி இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வியாம் எழுந்து நின்றுவிட்டாள். "இதுக்குப் புரட்டற கட்டளை தெரியாது. இது பிறந்தப்போ அந்தக் கட்டளையே இல்ல. தெரியாத வரி வந்தா தாண்டிப் போயிடும்."

"மெதுவா வருவோம்," என்றார் மித்ரி. "புரட்டினா வலது கை. புரட்டாம விட்டா இடது கை. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப அவங்க குடுத்த படமே இடது கைதான்."

ரவ்ஹி தனது மேஜைக்கு ஓடி மூலப் படத்தைத் திறந்தார். அதிலும் இடது கை. கொஞ்ச நேரம் திரையையே முறைத்துவிட்டு, "இதையும் அவளே மாத்தி வெச்சிருக்கலாம்," என்றார். குரலில் முன்னிருந்த உறுதி இல்லை. "சரி, மாத்தலைன்னே வெச்சுக்கலாம். அவங்க குடோன்ல போய் உக்காந்து, உங்கப்பா நிஜமாவே இடது கையாலதான் சாப்பிட்டார்னு சொல்வீங்களா? உயிரோட வருவீங்களா?"

"படத்தை யார் அனுப்பினது?"

"சின்ன மகன். நாயிஃப்."

மித்ரி இரண்டு படங்களையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டார். ஏறியதைவிட இறங்குவது முழங்காலுக்கு அதிகம் வலித்தது.

ஹாஜி குடும்பத்தின் குடோன் இருக்கும் குவைஸ்மே போகும் வழியெல்லாம் போக்குவரத்து நெரிசல். தைசீர் ஹாரன் மேல் கையை வைத்தபடி, "அபூ இலியாஸ், பேசாம அந்தப் பொண்ணு பேரைக் குடுத்திருந்தா இந்நேரம் சாப்பிட்டிருப்போம்," என்றான்.

"குடுத்திருப்பியா?"

"மாட்டேன். பசியில அப்படித்தான் பேசுவேன்."

மித்ரி இரண்டு படங்களையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கள்ளக் கையெழுத்தைப் பிடிக்க அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். கள்ளன் கவனமாக எழுதிய எழுத்தைப் பார்க்கக் கூடாது. அவன் கவனிக்காமல் விட்ட புள்ளியைப் பார்க்க வேண்டும். ஊரே ஹாஜியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் அவர் ஹாஜியின் கையைப் பார்க்கவில்லை.

குடோன் முழுக்க ஜமீத்தின் புளிப்பு வாசனை. உள் அறையில் சுவரோரம் போட்ட மெத்தைகளில் காசிப்பும் இரண்டு சித்தப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில், உறை போட்டு மூடி, திறப்பு நாளில் பக்கத்தைக் காட்டிய பழைய கணினி. சாவு வீட்டில் கண்ணாடியை மூடியதுபோல் மூடி வைத்திருந்தார்கள்.

தம்பி நாயிஃப்தான் காபி கொண்டு வந்தான். நாற்பது வயது, குனிந்த தலை. இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. ஒரு மிடறு ஊற்றி, வலது கையால் மித்ரியிடம் நீட்டினான்.

மித்ரி வாங்கி, குடிக்காமல் முன்னால் தரையில் வைத்தார்.

சித்தப்பாக்கள் இருவரும் கோப்பையையே பார்த்தார்கள். கோப்பையைத் தரையில் வைக்கிற விருந்தாளி ஏதோ கேட்க வந்திருக்கிறான். கேட்டது கிடைக்கும் வரை குடிக்க மாட்டான். அது காசிப்புக்கும் தெரியும். கேட்டதைக் கொடுக்காமல் அந்தக் காபியை ஆறவிட்டால் வீட்டுக்குத்தான் இழுக்கு.

"உஸ்தாத், கேட்க வேண்டியது நாங்க," என்றார் காசிப். பெரிய உடம்பு, கட்டையான குரல். "பேர் கொண்டு வந்தீங்களா?"

"பேர் அப்புறம். ஒரு கேள்விக்கு நேரான பதில் வேணும். அவ்வளவுதான் என் கோரிக்கை."

"கேளுங்க."

மித்ரி இரண்டு அச்சுப் படங்களையும் அருகருகே விரித்தார். "இதுல எது நிஜம்?"

"இது என்ன கேள்வி? இதான்." காசிப்பின் விரல் வலது கைப் படத்தில் குத்தியது. "எங்கப்பா."

"அவரை விடுங்க. பின்னால காபி ஊத்தறாரே, அவரைப் பாருங்க."

காசிப் குனிந்தார். சித்தப்பாக்களும் குனிந்தார்கள். காசிப் நிஜம் என்று காட்டிய படத்தில், காபிக்காரன் கூஜாவை வலது கையில் பிடித்து, கோப்பையை இடது கையால் நீட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்ல விருந்தாளிக்கு இடது கையால கோப்பை நீட்டுவாங்களா?"

"நீட்டினா கையை ஒடிப்போம்," என்றார் பெரிய சித்தப்பா.

"இப்ப அடுத்த படம்." அதில் கூஜா இடது கையில், கோப்பை வலது கையில். சற்று முன் இந்த அறையில் நடந்தது போலவே. "ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும். காபி நிஜம்னா சாப்பாடு இடது கை. சாப்பாடு வலது கைன்னா, உங்க வீட்ல விருந்தாளியை அவமானப்படுத்தியிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்குக் களைப்பா இருக்கு."

காசிப்பின் முகம் கறுத்தது. "நீ என் அப்பாவை…"

கூஜா தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றான் நாயிஃப். "அந்தக் காபிக்காரன் நான்தான்."

வெளியே அஸர் பாங்கு ஆரம்பித்தது. முடியும் வரை நாயிஃப் தலை குனிந்து நின்றான். பிறகு பேசினான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி அப்பாவுக்கு வலது கை மரத்துப் போச்சு. கொஞ்ச நாள்ல சரியாயிட்ட மாதிரிதான் இருந்துச்சு. கை குலுக்குவார், தடி பிடிப்பார். விரல் மட்டும் மடங்கல. சோத்தை உருட்ட வராது. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். ஊருக்கே மன்ஸஃப் போட்ட மனுஷன் இடது கையால சாப்பிடறான்னு யாரும் பாக்கக் கூடாதுன்னார். பின்கட்டுல, கதவைச் சாத்திக்கிட்டு, என் முன்னால மட்டும்தான் சாப்பிடுவார். அந்தப் படம் என் பொண்டாட்டி எடுத்தது. நான் சும்மா வேடிக்கைக்கு அவருக்கு விருந்தாளி மாதிரி காபி ஊத்தினேன். அதுக்குத்தான் சிரிச்சார்."

"அதை ஏன்டா அனுப்பினே?" என்றார் சின்ன சித்தப்பா.

"அவர் சிரிக்கிற படம் வேற இல்ல, சித்தப்பா. கையைப் பத்தி அப்போ தோணல. பக்கம் ரெடியானதும் என் போன்ல பாத்தேன். வலது கையா இருந்துச்சு. அவங்க புரிஞ்சுக்கிட்டு மூடி மறைச்சுக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். மனசுக்குள்ள துஆ செஞ்சேன் அவங்களுக்கு. அப்புறம் இங்க இந்தப் பெட்டியில…" அவன் நிறுத்தினான். "அந்தப் பொண்ணு மேல பழி விழுந்தப்பவே சொல்லியிருக்கணும். சத்தியத்தைக் காப்பாத்தறேன்னு எனக்கே பொய் சொல்லிக்கிட்டேன். பயம்தான். தப்புதான்."

காசிப் தரையில் இருந்த இடது கைப் படத்தை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"என் மகன் கல்யாணத்துல," என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல். "எண்ணூறு பேர் வந்தாங்க. முதல் தட்டுல அப்பா கை வைக்கணும். வயிறு சரியில்லைன்னு எழுந்து போயிட்டார். சம்பந்தி முன்னால என்னை அசிங்கப்படுத்திட்டார்னு நாலு மாசம் அவரோட பேசல. குவைத்துக்கு அவர் போன் பண்ணினப்பக்கூட எடுக்கல. அஞ்சாவது மாசம் நீ போன் பண்ணினே, போயிட்டார்னு."

நாயிஃப் அழுதான். காசிப் அழவில்லை, படத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

மித்ரிக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஜெயித்த வழக்குகளில் இதுதான் கஷ்டம். உண்மையைக் கண்டுபிடித்தவன் அது முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டார் காசிப்.

மித்ரி சந்தேகத்தோடு அவரைப் பார்த்தார்.

"பழி போடறதுக்கு இல்ல. போன் போட்டுக் குடுங்க."

தைசீர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

"வியாம் பேசறேன்." குரல் ஒடுங்கியிருந்தது.

"மகளே, நான் காசிப், ஹாஜி ஸுவைலிமோட பெரிய மகன். உங்கப்பா எங்க வாசலுக்கு வர வேண்டாம். அனுமதிச்சா நான் அவர் வாசலுக்கு வர்றேன், என் தம்பியைக் கூட்டிக்கிட்டு. உன் முதலாளிகிட்டயும் நானே பேசிக்கறேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒரு வேலை இருக்கு, முடியுமா? அந்தப் படத்தைப் புரட்டாதே. எல்லாப் போன்லயும், எல்லாப் பெட்டியிலயும், இந்தப் பழைய பெட்டியில தெரியற மாதிரியே தெரியணும்."

பெரிய சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காசிப் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"முடியும் உஸ்தாத். ஒரே ஒரு வரியை எடுத்தாப் போதும்," என்றாள் வியாம். கொஞ்சம் தயங்கினாள், அந்த நிலையிலும் தொழில் புத்தி விடவில்லை. "ஆனா அப்ப அவர் முகம் எழுத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பிடும். படிக்கறவங்களைப் பாக்காம உக்காந்த மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும் மகளே," என்றார் காசிப். "எங்களைப் பாக்காமத்தான் சாப்பிட்டிருக்கார்."

மித்ரி தரையிலிருந்த கோப்பையை எடுத்தார். காபி நன்றாக ஆறியிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.